காயக் கூடாத விதை

சீடருக்கு ஐம்பத்தொன்பது வயது. ஆசிரியருக்கு நாற்பத்தொன்று. வனக்காவலராக இருந்து ஓய்வு பெற்ற சிலுவைமுத்து, வேதநாயகி நடத்திய மர விதைக் காப்பகத்தில் வேலை கற்றுக்கொள்ள வந்தார். வயதைப் பற்றி இருவருமே பேசவில்லை.

ஒரு வருடத்தில் கற்றுக்கொண்டார். விதையைச் சுத்தம் செய்து, குளிர்ந்த வறண்ட அறையில் வாரக்கணக்கில் காய வைக்க வேண்டும். ஈரம் போனதும் அலுமினியத் தாள் பையில் போட்டு, காற்றுப் புகாமல் ஒட்டி, உறைபெட்டியில் அடுக்க வேண்டும். அதற்குள் குளிர், பூஜ்யத்துக்கு இருபது டிகிரி கீழே. அப்படி வைத்த வேங்கை விதை பேரன் காலத்திலும் முளைக்கும் என்று வேதநாயகி சொன்ன அன்று, சிலுவைமுத்து அந்தப் பெட்டியின் கதவை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தார்.

அந்த ஆவணியில் கருநெய் மரம் காய்த்தது. மலையில் மிஞ்சியிருந்தவை பதினொரு மரங்கள். ஏழு வருடம் கழித்து, அதில் ஒன்று மட்டும் காய்த்திருந்தது. சிலுவைமுத்து இரண்டு நாள் நடந்துபோய் இருநூறு விதைகள் பொறுக்கி வந்தார். பாக்கு அளவு. கையில் ஈரமாகக் கனத்தன.

வேதநாயகி ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தார்.

“இதைக் காய வைக்காதீங்க. காஞ்சா செத்துரும்.”

எல்லா விதையையும் காப்பாற்றுகிற வேலை இதை மட்டும் எப்படிக் கொல்லும் என்று சிலுவைமுத்து கேட்டார். ஈரக்காட்டு மரங்களில் சிலது அப்படித்தான், பலாக்கொட்டையும் அந்த ரகம்தான் என்று வேதநாயகி சொன்னார். உடனே மண்ணில் போட்டால்தான் உண்டு என்றார்.

சிலுவைமுத்து தலையாட்டினார். நம்பவில்லை.

மறுநாள் காலையில் தங்கையா என்பவரிடமிருந்து போன் வந்தது. மலையடிவாரத்தில் நாற்றுப்பண்ணை வைத்திருப்பவர். சிலுவைமுத்து அறைக்குள் நுழைந்ததும் வேதநாயகி பேச்சைச் சுருக்கிக்கொண்டு போனை வைத்தார். சந்தனக்கட்டை கடத்தியவர்களை முப்பது வருடம் பார்த்தவர் சிலுவைமுத்து. ஆள் வந்ததும் பேச்சு நின்றால் என்ன அர்த்தம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அபூர்வ மரம். வெளியூரில் என்ன விலைக்கும் போகும். பெட்டிக்குள் போகக் கூடாது என்று அதனால்தான் சொல்கிறார்.

அன்றே நாற்பது விதைகளை எடுத்து ஒரு துணிப்பையில் கட்டினார். காய வைக்கும் அறையில், வேங்கைத் தட்டுகளுக்குப் பின்னால் பையை ஒளித்துவைத்தார்.

மதியம் தங்கையாவின் ஜீப் வந்தது. மீதி விதைகளை ஈரமணலில் புதைத்து, வேதநாயகி தானே ஏற்றி அனுப்பினார். சிலுவைமுத்து ஜன்னல் வழியாக வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டார்.

ஐந்து வாரம் கழித்து, காய்ந்த விதைகளைப் பையில் போட்டு ஒட்டி, மேலே வேங்கை என்று எழுதி, உறைபெட்டியின் அடித்தட்டில் வைத்தார். அன்று அவருக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு மரத்தின் வம்சத்தைத் திருட்டிலிருந்து காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்தார்.

பங்குனியில் வேதநாயகி அவரை நாற்றுப்பண்ணைக்குக் கூட்டிப்போனார். நிழல்வலைக்குக் கீழே கன்றுகள் வரிசையாக நின்றன. நூற்று முப்பத்தொன்று முளைத்திருப்பதாகத் தங்கையா சொன்னார். அடுத்த மழையில் எல்லாம் மலைக்குப் போகும் என்றார்.

வேறு ஏதாவது கன்றைக் காட்டுகிறார்களோ என்று சிலுவைமுத்துவுக்குத் தோன்றியது. ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தார். கருநெய்யேதான். இன்னொரு வரிசைக்குப் போய் அங்கேயும் ஓர் இலையைக் கிள்ளினார். அதுவும் அதே வாசனை.

காப்பகத்துக்குத் திரும்பியதும் சிலுவைமுத்து அடித்தட்டுப் பையை எடுத்துவந்து வேதநாயகியின் மேசைமேல் வைத்தார். தான் செய்ததையும், அவரைப் பற்றி நினைத்ததையும் சொன்னார்.

வேதநாயகி ஒரு விதையை எடுத்து நறுக்கினார். உள்ளே கரு பழுப்பேறிக் கிடந்தது. மற்றதை ஈரமணலில் போடச் சொன்னார்.

இரண்டு மாதம் சிலுவைமுத்து தினமும் மணலைப் பார்த்தார். ஒன்றுகூட முளைக்கவில்லை.

“என்னைப் போகச் சொல்லிருங்க, மேடம்.”

வேதநாயகி மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். துணிப்பை, நாற்பது விதை என்று தலைப்பு. கீழே ஐந்து வாரத்துக்கும் தேதி, ஈரப்பதம், எடை. எல்லாம் வேதநாயகியின் கையெழுத்து.

சிலுவைமுத்து தாளை இரண்டு முறை படித்தார்.

“அப்பவே தெரியுமா?”

“தெரியும்.”

“ஏன் தடுக்கல?”

“இந்த மரத்து விதையை இதுவரைக்கும் யாரும் காய வச்சுப் பார்த்ததில்ல. செத்துரும்னு நான் சொன்னது, மத்த மரத்தைப் பார்த்துச் சொன்னது. உங்களுக்கு என்மேல சந்தேகம். எனக்கும் என்மேலதான்.”

“நாப்பது விதை போயிருச்சே, மேடம்.”

“போயிருச்சு.”

அதைச் சொல்லும்போது வேதநாயகி மணல் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சோதனைப் படிவத்தைக் கொடுத்து முடிவை எழுதச் சொன்னார். காய வைத்தது நாற்பது, முளைத்தது இல்லை என்று சிலுவைமுத்து எழுதினார். கடைசி வரியில் ‘சோதனை செய்தவர்’ என்று இருந்தது. பேனா அங்கே நின்றது.

“திருடினவன் பேரை எழுதவா, மேடம்?”

“ரெண்டு பேர் பேரையும் எழுதுங்க.”