பத்தாவது வீடு

தணிகாசலம் ஆசிரமத்துக்கு வந்தபோது அவருக்கு அறுபத்தொரு வயது. இருபத்திரண்டு வருஷம் கட்சியின் ஒன்றியச் செயலாளராக இருந்தவர். மலையடிவாரத்தில் ஓடு வேய்ந்த நான்கு அறைகளும் ஒரு கிணறுமாக இருந்தது அந்த இடம். அதை நடத்திவந்த ஞானசுந்தரி அம்மை அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். முன்பு அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். அதிகம் பேசமாட்டார்.

கட்சியை விட்டாயிற்று, இனி அந்தப் பக்கம் போவதில்லை என்று சொல்லித்தான் தணிகாசலம் சேர்ந்தார். விறகு பிளந்தார். கிணற்றடியைக் கழுவினார். ஆனால் உட்கார்ந்து கண்ணை மூடினால் பத்து நிமிஷம் தாங்கவில்லை. ஒரு மாதம் கழித்து அம்மையிடம் விஷயத்தைச் சொன்னார்.

அவருடைய ஊர் வெண்ணாம்பட்டு. ஊருக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே ஆறு. ஆற்றின் குறுக்கே ஒரு தரைப்பாலம். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் அதன் மேலேயே ஓடும். போன கார்த்திகையில் சுகுணா என்ற பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டது. ஆம்புலன்ஸ் அக்கரையில் நின்றது. அவளைக் கட்டிலில் படுக்கவைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கினார்கள். பாதி தூரத்தில் கால் ஊன்ற முடியாமல் திரும்பிவிட்டார்கள். மறுபடி இறங்க மூன்று மணி நேரம் ஆயிற்று. அதற்குள் தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். கட்டிலின் ஒரு காலைப் பிடித்திருந்தவர் தணிகாசலம்.

சாவு வீட்டில் எல்லோரும் கட்சிக்காரர்களைத் திட்டினார்கள். கட்சி ஆபீசில் ஊர்க்காரர்களைத் திட்டினார்கள். சாதி பார்த்து ஓட்டுக் குத்துகிறவர்களுக்குப் பாலம் ஒரு கேடா என்று ஒருவர் கேட்டார். அன்றைக்கே தணிகாசலம் பதவி விலகல் கடிதத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும்மா," என்றார். "இதுக்குக் காரணம் கட்சியா, ஜனங்களா?"

அம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"ஊருக்குப் போங்க. பத்து வீட்டுல ஏறி இறங்குங்க. போன தேர்தல்ல ஓட்டுக் கேட்டு வந்தவங்ககிட்ட நீங்க என்ன கேட்டீங்கன்னு விசாரிங்க. வேற எதுவும் பேச வேண்டாம்."

நான்காம் நாள் அவர் திரும்பி வந்தார். கேட்டதையெல்லாம் வரிசையாக ஒப்பித்தார். ஒருவர் மகனுக்கு அரசாங்க வேலை கேட்டிருந்தார். ஒருவர் திருவிழாவுக்கு மைக்செட் கேட்டிருந்தார். கிழக்குத் தெருவில் இரண்டு தெருவிளக்கு கேட்டிருந்தார்கள். மேற்குத் தெருவில், கிழக்குத் தெருவுக்கு எத்தனையோ அதைவிட ஒன்று கூடுதலாக வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஒரு பெண் எதையுமே கேட்கவில்லை. நிற்கிறவர் நம்ம ஆள், அவரிடம் போய் என்ன கேட்பது என்றாளாம். பாலத்தை யாரும் கேட்கவில்லை. ஏன் என்று அவரால் கேட்காமல் இருக்க முடியவில்லை. தேர்தல் சித்திரையில் வந்தது, அப்போது ஆற்றில் வெறும் மணல்தானே கிடந்தது என்றார்கள்.

"அப்ப ஜனங்கதாம்மா," என்றார் தணிகாசலம்.

"கட்சி ஆபீசுக்கும் போயிட்டு வாங்க. ஜனங்ககிட்ட நீங்க என்ன கேட்டீங்கன்னு அங்கே விசாரிங்க."

அவருக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் போனார். புதிய ஒன்றியச் செயலாளர் அவரிடம் பத்து வருஷம் வேலை பார்த்தவர். நாற்காலியை விட்டு எழுந்து நின்று, டீ வரவழைத்தார். எந்தத் தெரு யாருக்கு, எந்த வீட்டில் எத்தனை ஓட்டு, யார் சொன்னால் யார் கேட்பார்கள், இதைத்தான் கேட்டோம் என்றார். ஜனங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதில்லையா என்றதற்கு அவர் சிரித்தார். கேட்டால் செய்யவேண்டி வருமே என்றார்.

"இதெல்லாம் நீங்க சொல்லிக்குடுத்ததுதானேண்ணே."

தணிகாசலம் டீயைக் குடிக்காமல் வந்துவிட்டார்.

"கட்சிதாம்மா," என்றார் அம்மையிடம்.

அம்மை ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"ஊர்ல எத்தனை வீட்டுல கேட்டீங்க?"

"பத்து வீடு சொன்னீங்க..."

"எத்தனை வீட்டுல கேட்டீங்க?"

"ஒன்பது."

பத்தாவதாக ஏழுமலை வீட்டுக்குப் போனாராம். ஏழுமலை சுகுணாவின் புருஷன். வாசல் வரை போய், உள்ளே ரேடியோ சத்தம் கேட்டதும் திரும்பிவிட்டாராம்.

"சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க," என்றார் அம்மை.

ஏழுமலை அவரைப் பார்த்ததும் ரேடியோவை அணைத்துவிட்டுப் பாயை விரித்தான். அவன் முகத்தில் கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவருக்கு அது இல்லாதது இன்னும் சங்கடமாக இருந்தது. மழை, பயிர், உடம்பு என்று எதையெதையோ பேசினார். கடைசியில் கேட்டுவிட்டார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓட்டுக் கேட்டு வந்தபோது நீ என்னப்பா கேட்டாய்?

"பாலம் கேட்டேன் பெரியப்பா."

"யார்கிட்ட?"

"உங்ககிட்டதான். வேட்பாளர் ஜீப்புல முன்னாடி போயிட்டாரு. நீங்க பின்னாடி நோட்டீஸ் குடுத்துக்கிட்டு வந்தீங்க. எனக்குக் கல்யாணம் ஆகி ஒரு மாசம். பொண்ணு வீட்டுக்காரங்க அந்தத் தரைப்பாலத்தைப் பார்த்துட்டு ஒரு மாதிரி பேசினாங்க. அதனாலதான் கேட்டேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"ஜெயிச்சதும் ஒரு தடவை ஞாபகப்படுத்துப்பான்னீங்க."

தணிகாசலத்துக்கு அது நினைவில் இல்லை. அன்றைக்கு எத்தனையோ வீடுகள். எல்லா வீட்டிலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

ஏழுமலை பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"ஜெயிச்சீங்க. நான் ஞாபகப்படுத்தல. உங்க வீடு எனக்குத் தெரியாதா? நடந்தா அஞ்சு நிமிஷம். தோணவே இல்லை. அவளுக்கு வலி எடுத்தப்பதான் தோணுச்சு." பிய்த்த கோரையை வாசல் பக்கம் எறிந்தான். "எல்லாரும் கட்சிக்காரனைத் திட்டுறாங்க. நானும் கூட நின்னு திட்டுறேன். வீட்டுக்குள்ள வந்தப்புறம் முடியல பெரியப்பா."

கட்டிலின் இன்னொரு காலைப் பிடித்திருந்தவன் அவன்தான்.

கிளம்பும்போது ஏழுமலை ஒரு விஷயம் சொன்னான். வருகிற ஞாயிற்றுக்கிழமை கிழக்குத் தெரு, மேற்குத் தெரு இரண்டையும் ஒன்றாக உட்காரவைக்கப் போகிறான். பாலத்துக்கு மனு எழுதி, வீட்டுக்கு ஒரு கையெழுத்து வாங்கி, எல்லோருமாகக் கலெக்டர் ஆபீசுக்குப் போகவேண்டும். எந்த மனு எந்த மேசையில் தூங்கும் என்பது தணிகாசலத்துக்குத்தான் தெரியும். அவர் வந்தால் நன்றாக இருக்கும்.

பார்க்கலாம்ப்பா என்றார் தணிகாசலம். தெருமுனை தாண்டிய பிறகுதான், இருபத்திரண்டு வருஷமாகத் தான் சொல்லிவந்த வார்த்தை அது என்பது உறைத்தது.

மறுநாள் காலை எல்லாவற்றையும் அம்மையிடம் சொன்னார். அம்மை கிணற்று மேடையில் உட்கார்ந்து கேட்டார். நடுவில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை நான் போய் நின்னா, மொதல்ல இதைத்தாம்மா கேப்பாங்க. எனக்கே தெரியாம அங்கே போய் என்ன சொல்றது? நீங்க இன்னும் சொல்லலியே. கட்சியா, ஜனங்களா?"

"தெரிஞ்சா என்ன பண்ணுவீங்க?"

எத்தனையோ மேடைகளில் யோசிக்காமல் பதில் சொன்னவர் அவர். இதற்கு வெகுநேரம் யோசித்தார்.

"ஒண்ணும் பண்ணமாட்டேன்," என்றார். "மனசு ஆறிடும்."

"அதனாலதான் சொல்லல," என்றார் அம்மை.