மூன்று வரிசையும் அடுப்பு மூட்டாத நாள்

கிள்ளான் நகருக்கு வெளியே, ரப்பர் மரங்களை வெட்டிய மேட்டில் ஒரு சின்னத் தாமான், அதாவது குடியிருப்பு, உண்டு. மூன்றே வரிசை வீடுகள். முதல் வரிசையில் பெரும்பாலும் சீனர், நடு வரிசையில் தமிழர், கடைசி வரிசையில் மலாய்க்காரர். யாரும் அப்படிப் பிரித்து வைக்கவில்லை. அங்கே இருந்த பழைய கம்பத்தை, அதாவது கிராமத்து வீடுகளை, இடித்துப் புது வீடு கொடுத்தபோது, அவரவர் சொந்தக்காரர் பக்கத்தில் இடம் கேட்டு வாங்கியதில் அப்படி அமைந்துவிட்டது.

அங்கே ஒரு வழக்கம். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வரிசை முழுவதும் துக்கம் காக்கும், அடுப்பு மூட்டாது. மற்ற வரிசைக்காரர்கள் சமைத்துக் கொண்டுவருவார்கள். கொண்டுவருபவர் கேட்டுக்கு வெளியே நின்று பானையைக் கொடுத்துவிட்டுப் போய்விட வேண்டும். சாவு வீட்டில் கை நனைக்கக் கூடாது. தமிழ் வீட்டுக்கு மீன், இறைச்சி சேராத மரக்கறிதான் வரும். மலாய் வீட்டுக்குச் சீனர்கள் சமைத்ததை அனுப்ப மாட்டார்கள். பழமும் ரொட்டியும் அனுப்புவார்கள். இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துவந்தது. பவளம் இறந்த அன்றுதான் பிசகியது.

பவளத்தின் கணவர் கதிரேசன், லாரி ஓட்டி ஓய்ந்தவர். சுடுகாட்டிலிருந்து வந்து குளித்துவிட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பொழுது சாயத் தொடங்கியது. மகள் மேகலா ஏழு மாதக் கர்ப்பிணி. காலையில் குடித்த தேநீரோடு சுவரில் சாய்ந்திருந்தாள்.

"அப்பா, தலை சுத்துதுப்பா."

கதிரேசன் கேட்டைப் பார்த்தார். பானை எதுவும் வரவில்லை. முதலில் தாமதம் என்று நினைத்தார். பிறகு மனம் கசந்தது. நாதியற்றவள் என்று என் மனைவியை ஒதுக்கிவிட்டார்களா? அப்படி நினைத்துக்கொண்டே திரும்பினால், கூடத்தில் கால் வைக்க இடமில்லை. மூன்று வரிசையும் அங்கேதான் இருந்தது. எல்லோர் வயிறும் காலி.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மெல்ல மெல்லத்தான் புரிந்தது.

பவளம் பிறந்தது பழைய கம்பத்தில், ஒரு சீன வீட்டில். அடுக்கடுக்காகப் பெண் பிறந்த வெறுப்பில், பெற்றவள் அவளைப் பக்கத்துத் தமிழ் வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். வளர்த்தவளுக்குப் பால் இல்லை; அதனால் அண்டை வீட்டு மலாய்க்காரி தன் பிள்ளையோடு சேர்த்து இவளுக்கும் பால் கொடுத்தாள். பெற்ற வயிற்றின் அண்ணன் ஆ செங், பால் குடித்த வழியில் தங்கை ரொக்கியா, கூட வளர்ந்த தங்கை தங்கபுஷ்பம், மூவரும் இப்போது கதிரேசனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு வரிசையும், 'இது நம்ம வீட்டுச் சாவு, அடுத்த வரிசை சமைக்கும்' என்று அடுப்பை அணைத்துவிட்டு வந்திருந்தது.

தங்கபுஷ்பம்தான் முதலில் வாயைத் திறந்தாள். "என்ன அத்தான் இது? வளர்த்த வீடு நாங்க, உட்கார்ந்திருக்கோம். இவங்களுக்கு என்னவாம்? யாராச்சும் ஒருத்தர் எழுந்து போய்ச் சமைக்கலாம்லா!"

ஆ செங் தமிழர்களோடு வளர்ந்தவர். தரையைப் பார்த்தபடியே சொன்னார். "நான் எழுந்திரிக்க மாட்டேன். அவ இருந்த வரைக்கும் அண்ணன்னு வந்து உட்கார எனக்கு மூஞ்சி இல்ல. எங்கம்மா கொடுத்துட்டாங்களே. இன்னிக்கு ஒரு நாளு உட்கார்ந்திருக்கேன். இன்னிக்கும் என்னை வெளியாளாக்கிடாதே."

"கடையில வாங்கலாமே," என்றது ஒரு குரல்.

"சாவு வீட்டுக்குக் கடைச் சோறா? பவளம் எழுந்து வந்து அடிப்பா," என்றாள் தங்கபுஷ்பம். அழுதுகொண்டிருந்தவர்கள் இரண்டு பேர் சிரித்துவிட்டு மறுபடி அழுதார்கள்.

கதிரேசன் தவித்தார். யாரைப் பார்த்து 'சமை' என்று சொன்னாலும், 'நீ என் மனைவிக்கு யாருமில்லை' என்று சொன்னதாகிவிடும். சொல்லாவிட்டால் மகள் மயங்கி விழுவாள். தானே அடுப்பைப் பற்றவைக்கலாம் என்று எழுந்தார், சாவு வீட்டு அடுப்பை மூட்டக் கூடாதே என்று மறுபடி உட்கார்ந்தார்.

அப்போது ரொக்கியா முந்தானைபோல் தலைத்துணியை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நேரே வெளியே போனாள்.

கொஞ்ச நேரத்தில் கேட்டுக்கு வெளியே பானையோடு நின்றாள். அரிசிக் கஞ்சி. அவள் வீட்டுக் கஞ்சியில் எப்போதும் கிடக்கும் நெத்திலி இதில் இல்லை. கூட்டத்தில் இருந்தபோது விடாமல் அழுதவள், இப்போது அழவில்லை. வெளியார் அழக் கூடாதல்லவா!

"வாங்கிக்குங்க, அபாங்," என்று மலாயில் அண்ணன் முறை சொல்லி நீட்டினாள். "இன்னிக்கு நான் வெளியாளாவே இருந்துட்டுப் போறேன். பிள்ளைக்குக் கொடுங்க."

கதிரேசன் பானையின் இந்தப் பக்கம், ரொக்கியா அந்தப் பக்கம். வாங்கினால் அவள் உறவு அறுகிறது. வாங்காவிட்டால் பிள்ளைத்தாய்ச்சி பட்டினி.

துக்கத்தை விட மாட்டேன் என்று உட்கார்ந்த ஆ செங், உரிமையைச் சொல்லி மற்றவரைக் கை காட்டிய தங்கபுஷ்பம், உறவையே விட்டுக் கஞ்சி காய்ச்சிய ரொக்கியா: இந்த மூவரில் யார் செய்தது சரி? கதிரேசன் அந்தப் பானையை என்ன செய்ய வேண்டும்?

விடை: சரியாகச் செய்தவள் ரொக்கியாதான். ஆ செங்கின் வலி பொய்யல்ல. தங்கபுஷ்பத்தின் உரிமையும் பொய்யல்ல. ஆனால் அடுப்பு மூட்டாத வழக்கம் துக்கப்பட்டவர்களுக்கு ஓய்வு கொடுக்க வந்தது. யார் எவ்வளவு சொந்தம் என்று அளக்க வந்ததல்ல. கதிரேசன் பானையை ஒரு கையால் வாங்கி, மறு கையால் ரொக்கியாவை உள்ளே இழுத்து உட்காரவைத்து, மகளோடு சேர்த்து அவளுக்கும் கஞ்சி ஊற்றினார். சாவு வீட்டில் கை நனைத்தவளை வெளியாள் என்று எந்த வழக்கமும் சொல்ல முடியாது. ஆனால் குழப்பம் அதோடு தீரவில்லை. மறுநாள் மூன்று வரிசையும் வெட்கப்பட்டுச் சமைத்தன. ஆ செங், தங்கபுஷ்பம், ரொக்கியா மூவரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு பானையோடு கேட்டுக்கு வெளியே நின்றார்கள். யாரை முதலில் உள்ளே கூப்பிடுவது என்று தெரியாமல் கதிரேசன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.