பனி ஆற்றில் தகதிமி

ஒரு காட்டில் பனிக்காலம் வந்தால் ஆறு காணாமல் போய்விடும்.

எங்கேயும் போகாது, குழந்தைகளே. அங்கேயேதான் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் விடிந்ததும் வெண்பனி வந்து அதன்மேல் படுத்துக்கொள்ளும். தண்ணீர் தெரியாது. அக்கரை தெரியாது. நாணல்களின் நுனி மட்டும் மேலே நீட்டிக்கொண்டு, மேகத்தில் முளைத்த பயிர் போல அசையும். கரையில் நிற்பவர்களுக்கு, விழித்துக்கொண்டோமா, இன்னும் கனவில்தான் இருக்கிறோமா என்று சந்தேகம் வரும்.

இக்கரையில் புல் காய்ந்துவிட்டது. அக்கரையில் பசும்புல்லும் நெல்லிமரங்களும் இருந்தன. பனி விலக உச்சிவேளை ஆகும். பசித்த வயிறு அதுவரை பொறுக்குமா? அதனால் விலங்குகள் தினமும் காலையில் பனியிலேயே ஆற்றைக் கடந்து, பனி விலகியபின் மாலையில் திரும்பின.

ஆற்றின் குறுக்கே, தண்ணீருக்குச் சற்றுக் கீழே, ஒரு பாறை வரிசை இருந்தது. ஒருவர் பின் ஒருவராகத்தான் அதில் போக முடியும். ஒரு பக்கம் ஆழமான மடு. நடுவில் யாராவது நின்றுவிட்டால் பின்னால் வருபவர் மோதுவார். மோதினால் இருவரும் மடுவில்தான் விழவேண்டும்.

ஆகவே எல்லோரும் ஒன்றாக அடி வைத்து, ஒன்றாக நிற்க வேண்டும். அதற்குத்தான் நாரை நெடுங்காலி இருந்தாள்.

யானை குன்றம்மாள் தும்பிக்கையால் பாறையைத் தடவிக்கொண்டு முன்னால் போவாள். அவள் முதுகில் நெடுங்காலி நின்றுகொண்டு வாயாலேயே தாளம் சொல்வாள். மத்தளம் கிடையாது. வெறும் சொல்தான்.

"தகதிமி... தாம்."

த, க, தி, மி என்னும் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் அடி. தாம் என்றதும் எல்லோரும் நிற்பார்கள். நாரை அப்போது எதுவும் சொல்ல மாட்டாள். அந்தத் தாம் பனிக்குள் மெல்லக் கரைந்து போகும்வரை காத்திருப்பாள். பிறகு மறுபடியும், "தகதிமி... தாம்."

யானைக்குப் பின்னால் கரடி தூங்கன் வருவான். அவனுக்குப் பின் குரங்கு மெச்சன். கடைசியில் மான் தயங்கி. அவளைக் கடைசியில் வரும்படி யாரும் சொல்லவில்லை. எல்லோரும் இறங்கட்டும் என்று நின்று நின்று, கடைசியாகிவிடுவாள்.

ஒரு பனிக்காலத்தில் நாரைக் கூட்டம் தெற்கே ஓர் ஏரிக்குப் புறப்பட ஆயத்தமானது. நெடுங்காலியும் போக வேண்டும். இனி யார் தாளம் சொல்வது என்று விலங்குகள் கவலைப்பட்டன.

"நான் கற்றுக்கொள்கிறேன், நாரையக்கா" என்றாள் மைனா மஞ்சமூக்கி. "எந்தக் குரலையும் ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே சொல்லிவிடுவேன்."

"குரலைச் சொல்வது வேறு, தாளத்தைச் சொல்வது வேறு" என்றாள் நாரை. "சரி, சொல்லிப் பார். சொல்லும்போது காலால் கிளையைத் தட்டிக்கொள்."

மஞ்சமூக்கி தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாள். "தகமிதி."

மரத்தடியில் அரைத்தூக்கத்தில் இருந்த தூங்கன் காதில் "மிதி" மட்டும் விழுந்தது. எழுந்து மிதித்தான். காலுக்கடியில் இருந்தது மெச்சனின் வால்.

"ஏன் மிதித்தாய்?" என்று மெச்சன் வாலைத் தடவிக்கொண்டே கேட்டான்.

"மிதி என்றுதானே சொன்னாள்" என்று சொல்லிவிட்டுத் தூங்கன் மறுபடியும் படுத்துக்கொண்டான்.

மஞ்சமூக்கிக்கு வெட்கமாகப் போயிற்று. அவள் நினைத்தது போல அது எளிதாக இல்லை. நாக்கு முன்னால் ஓடியது, கால் பின்னால் வந்தது. காலைக் கவனித்தால் நாக்கு நின்றுவிட்டது. மகிழ்ச்சி வந்தால் வேகம் கூடியது. பயம் வந்தால் எழுத்து மாறியது. குளிக்கும்போது சொன்னாள். பூச்சி பிடிக்கும்போது சொல்லி, வாயில் இருந்த பூச்சியை விட்டுவிட்டாள்.

ஒரு காலை, பனித்துளிகள் இலையிலிருந்து இலைக்குச் சொட்டிக்கொண்டிருந்தன. அதைக் கேட்டபடியே மெதுவாகத் தகதிமி, தகதிமி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நாக்கும் காலும் எப்போது ஒன்றாகச் சேர்ந்தன என்று அவளுக்கே தெரியவில்லை. தான் சொல்கிறோமா, காடு சொல்லித் தான் கேட்கிறோமா என்று புரியாத ஒரு மயக்கம். சிறகெல்லாம் இலேசாகிவிட்டது.

"இப்போது வந்துவிட்டது" என்றாள் நாரை. "ஆனால் தாம் வரவில்லை."

"சொல்கிறேனே அக்கா. தகதிமி தாம் தகதிமி தாம்."

"தாம் சொன்ன பிறகு இடம் விட வேண்டும்."

"விட்டேனே."

"எங்கே விட்டாய்? அடுத்த சொல்லுக்குத் துடித்துக்கொண்டு நின்றாய். அந்த இடத்தில் நீ கேட்க வேண்டும்."

"எல்லோரும் என்னைத்தானே கேட்கிறார்கள். நான் யாரைக் கேட்பது?"

நாரை பதில் சொல்ல வாய் திறந்தாள். அதற்குள் அவளுடைய கூட்டம் மேலே பறந்துகொண்டே அவளை அழைத்தது. அவள் எழும்பினாள். "அந்த இடத்தை நிரப்பிவிடாதே, மஞ்சமூக்கி" என்ற குரல் மட்டும் பனியிலிருந்து வந்தது. பிறகு அதுவும் இல்லை.

அடுத்த நாளிலிருந்து யானையின் முதுகில் மஞ்சமூக்கி நின்றாள். நாரை சொன்னபடியேதான் சொன்னாள். "தகதிமி... தாம்." விலங்குகள் பத்திரமாக அக்கரை சேர்ந்தன.

ஆனால் ஒவ்வொரு தாமுக்குப் பிறகும் அவளைப் பயம் பிடித்தது. சுற்றிலும் ஒரே வெள்ளை. சொல்லிக்கொண்டிருக்கும்வரை எல்லோரும் இருந்தார்கள். சொல் நின்றதும் யானையும் இல்லை, பின்னால் யாரும் இல்லை, தானும் இல்லை என்பது போல இருந்தது. அடுத்த தகதிமி வாயில் வந்த பிறகுதான் அவளுக்கு உயிர் வந்தது.

ஒருநாள் அந்த மௌனம் பொறுக்காமல், தாமுக்குப் பின்னால் ஒரு "தரிகிடதொம்" நழுவி விழுந்துவிட்டது.

அக்கரை சேர்ந்ததும் மெச்சன் ஓடி வந்தான். "அடடா, அது என்ன, புதிதாக ஒன்று சொன்னாயே? நாரை சொன்னால் தூக்கம் வரும். நீ சொன்னால் ஆட்டம் வருகிறது."

"நன்றாகவா இருந்தது?"

"இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொல்லேன்."

மஞ்சமூக்கி சேர்த்துச் சொன்னாள். "தகதிமி தாம், தரிகிடதரிகிட தொம்." மறுநாள் இன்னும் சேர்த்தாள். சொல் சொல்லாகப் பின்னிப் பின்னி, நிற்க வேண்டிய இடமெல்லாம் நிரம்பிவிட்டது. ஆறு முழுவதும் அவள் குரல்தான். தூங்கன்கூட விழித்துக்கொண்டு தலையை ஆட்டினான்.

"மைனா, கால் ஊன்றி நிற்க நேரம் போதவில்லை" என்றாள் குன்றம்மாள்.

"பழகிவிடும், யானையம்மா."

தயங்கியும் ஏதோ சொல்ல வந்தாள். எல்லோரும் மஞ்சமூக்கியைச் சூழ்ந்துகொண்டு பாராட்டுவதைப் பார்த்தாள். பிறகு சொல்லலாம் என்று புல் மேயப் போய்விட்டாள்.

அதன்பின் ஒருநாள் பனி வழக்கத்தைவிட அதிகமாகக் கொட்டியது. தன் தும்பிக்கை நுனி குன்றம்மாளுக்கே தெரியவில்லை. மஞ்சமூக்கி அன்றைக்கென்று ஒரு நீளமான சொற்கோவை வைத்திருந்தாள். பாதி ஆற்றில் அதை எடுத்தாள். சொல்லுக்குச் சொல் துள்ளியது. எல்லோருடைய காலும் துள்ளியது. வெள்ளைப் பனிக்குள் தாங்கள் நடக்கிறோமா, மிதக்கிறோமா என்றே தெரியாமல் அக்கரை ஏறினார்கள்.

"இன்றைக்குப் போல என்றைக்குமே இல்லை" என்றான் மெச்சன்.

மஞ்சமூக்கி சிறகை உதறிக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். யானை நின்றாள். கரடி நின்றான். குரங்கு நின்றான். அவனுக்குப் பின்னால் பனிதான் இருந்தது.

"தயங்கி எங்கே?"

மெச்சன் சட்டென்று திரும்பிப் பார்த்தான்.

"மெச்சன், உனக்குப் பின்னால்தானே வந்தாள்?"

"வந்தாள். வந்ததாகத்தான் நினைத்தேன். உன் பாட்டைக் கேட்டுக்கொண்டே..."

குன்றம்மாள் தும்பிக்கையைத் தூக்கி ஒரு முறை பிளிறினாள். அது ஆற்றின்மேல் உருண்டு போய் அடங்கியது. பதில் இல்லை.

"ஏறிக்கொள்" என்று மஞ்சமூக்கியிடம் சொல்லிவிட்டுத் தண்ணீரில் திரும்ப இறங்கினாள்.

"நானும் வருகிறேன்" என்று மெச்சன் யானையின் வாலைப் பிடித்துத் தொற்றிக்கொண்டான். "மைனா, நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே வா. அவள் பயந்து போயிருப்பாள். உன் குரல் கேட்டால் தைரியம் வரும்."

மஞ்சமூக்கிக்கும் அப்படித்தான் தோன்றியது. நாக்கின் நுனியில் ஆயிரம் சொல் வந்து முட்டியது. வாயை மூடினால் அழுதுவிடுவோம் என்று பயந்தாள். ஆனாலும் அவள் பழைய சொல்லையே சொன்னாள்.

"தகதிமி... தாம்."

சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

"சொல், சொல்" என்றான் மெச்சன்.

"சும்மா இரு" என்றாள் மஞ்சமூக்கி.

வெள்ளை மௌனம் அவளை மூடிக்கொண்டது. இந்தத் தடவை அவள் அதிலிருந்து ஓடவில்லை. யானையின் காலைச் சுற்றித் தண்ணீர் பிரியும் சத்தம் கேட்டது. நாணலில் காற்று உரசுவது கேட்டது. தூரத்தில் ஏதோ ஒரு மீன் புரண்டது. அவ்வளவு சத்தம் அந்த ஆற்றில் இருந்தது என்று அவளுக்கு இத்தனை நாள் தெரியாது. மான் குரல் மட்டும் இல்லை.

யானை நான்கு அடி வைத்தாள். "தகதிமி... தாம்."

நின்றார்கள். கேட்டார்கள். ஒன்றுமில்லை.

மறுபடியும் "தகதிமி... தாம்." அப்போது, வலது பக்கம், நாணலுக்குள்ளிருந்து, மிகவும் மெல்லியதாக ஒரு சத்தம்.

தொக்.

கல்லின்மேல் குளம்பு தட்டும் சத்தம்.

"யானையம்மா, வலது பக்கம்."

"பொறு. இன்னொரு தடவை சொல். எவ்வளவு தூரம் என்று தெரிய வேண்டும்."

"தகதிமி... தாம்."

தொக். பிறகு ஒரு மூச்சு.

குன்றம்மாள் பாறையின் ஓரத்தில் முழங்கால் மடித்து, தும்பிக்கையை மடுவின் பக்கமாக நீட்டினாள். நாணலுக்குள் துழாவினாள். ஈரமான, நடுங்கும் ஒரு கழுத்து அகப்பட்டது. தயங்கி இரண்டு முன்னங்கால்களையும் ஒரு கல்லின்மேல் ஊன்றிக்கொண்டு, மீதி உடம்பு தண்ணீருக்குள் தொங்க, கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். யானை அவளை மெதுவாகச் சுற்றிப் பிடித்துத் தூக்கினாள்.

அக்கரையில் தூங்கன் அவளைத் தன் அடர்ந்த ரோமத்தோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தான். வெகுநேரம் கழித்து அவள் நடுக்கம் நின்றது.

"நீ கூப்பிட்டிருக்கலாமே, தயங்கி" என்றாள் மஞ்சமூக்கி.

"கூப்பிட்டேன்" என்றாள் தயங்கி. "கால் வழுக்கியபோதே கூப்பிட்டேன். விழுந்த பிறகும் கூப்பிட்டேன். ஆனால் உன் சொல்லுக்கு நடுவில் என் குரல் நுழைய இடமே இல்லை. பிறகு தொண்டையில் சத்தம் வரவில்லை. நீ நிறுத்தியபோது காலால் தட்டினேன்."

மஞ்சமூக்கி போய், ஒரு நெல்லிக்கிளையில் தனியாக உட்கார்ந்தாள். அன்று முழுவதும் அவள் இரை எடுக்கவில்லை.

மறுநாள் விடிந்தது. ஆறு மறுபடியும் காணாமல் போயிருந்தது. குன்றம்மாள் கரையில் காத்து நின்றாள்.

"நான் இனிமேல் சொல்லவில்லை, யானையம்மா" என்றாள் மஞ்சமூக்கி. "வேறு யாராவது சொல்லட்டும்."

அப்போது தயங்கி, பின்னாலிருந்து எல்லோரையும் தாண்டி முன்னே வந்தாள்.

"நீயே சொல்" என்றாள். "அவ்வளவு சின்னச் சத்தத்தைக் கேட்டவள் நீதானே. நீ சொன்னால் நான் இறங்குவேன்."

மஞ்சமூக்கி அவளைப் பார்த்தாள். பிறகு பறந்து போய் யானையின் முதுகில் நின்றாள்.

"தகதிமி... தாம்."

நான்கு அடி. எல்லோரும் நின்றார்கள். மெச்சன் ஏதோ பாராட்டிச் சொல்ல வாயெடுத்தவன், மூடிக்கொண்டான். பனி அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த அமைதியில், வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"இங்கே பாசி வழுக்குகிறது. கொஞ்சம் பொறுங்கள்."

மஞ்சமூக்கி பொறுத்தாள். யானை பொறுத்தாள். கரடியும் குரங்கும் பொறுத்தார்கள். அவர்களைச் சுற்றித் தண்ணீர் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

"ஊன்றிக்கொண்டேன்" என்றாள் தயங்கி.

அதன் பிறகுதான் மஞ்சமூக்கி அடுத்த தகதிமியைச் சொன்னாள்.

நீதி: சொல்லத் தெரிந்தால் மட்டும் போதாது, மற்றவர் குரல் கேட்கும்படி நிறுத்தவும் தெரிய வேண்டும்.