மச்சுப்படியைக் கழற்றி வீடு விற்ற கதை

கீழக்கொத்தூரில் கோதண்டம், ஏகாம்பரம், பாவாடை என்று அண்ணன் தம்பிகள் மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து மூளை ஒன்றுதான் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். அது அபாண்டம். ஒன்று இருந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

மூத்தவன் கோதண்டத்துக்குக் கல்யாண வயசு வந்து, கொஞ்ச காலம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, எழுந்து போயே போய்விட்டது. அப்புறம்தான் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மேலக்கொத்தூரில் பெண் அமைந்தது. பெயர் வடிவு. பெண் பார்க்கப் போன இடத்தில் கோதண்டம் பதற்றத்தில் பஜ்ஜியைக் காபியில் தோய்த்துச் சாப்பிட்டான். அதைப் பார்த்து அவள் சிரித்துவிட்டாள். ஒரு பெண் தன்னைப் பார்த்து ஆசையாகச் சிரித்தாள் என்று அவன் எடுத்துக்கொண்டான். வேடிக்கை என்னவென்றால், அது உண்மையாகவே ஆசைச் சிரிப்புதான்.

பெண்ணின் அப்பா மட்டும் ஒரு நிபந்தனை போட்டார்.

"ஒரே பொண்ணு. வாய்க்கால் தாண்டி அனுப்ப மாட்டேன். அங்கே இருக்கிற வீட்டைத் தள்ளிவிட்டுட்டு எங்க ஊரோட வந்துடுங்க. அதுவும் ஆடி பிறக்கிறதுக்குள்ளே. ஆடியில கல்யாணம் பண்ண முடியாது, ஆவணி வரைக்கும் நான் காத்திருக்கவும் மாட்டேன். உரக்கடை மாப்பிள்ளை ஒருத்தர் தினம் எங்க தெருவிலேயே நடந்துகிட்டிருக்கார்."

ஆனி மாதம் அப்போதே பாதிக்கு மேல் போயிருந்தது.  கோதண்டம் செருப்பைக்கூடப் போடாமல் தரகர் வைத்திலிங்கத்தைத் தேடி ஓடினான்.

தரகர் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். பிறகு மூன்று பேரையும் நிற்கவைத்துச் சொன்னார்:

"சீக்கிரம் விக்கணும்னா சொல்றபடி செய்யணும். முதல்ல இந்தத் தட்டுமுட்டுச் சாமானை எல்லாம் ஒழிச்சுக் கட்டுங்க. உள்ளே நுழைஞ்சா கூடம் விசாலமாத் தெரியணும். அப்புறம், பார்க்க வர்றவருக்கு இது தன்னோட சொந்த வீடு மாதிரி இருக்கணும். அந்த நினைப்பு வந்துட்டா மனுஷன் பேரமே பேச மாட்டார். ஆனா ஒண்ணு, கழட்ட முடிஞ்சதைத்தான் நீங்க எடுத்துக்கலாம். கழட்ட முடியாதது எல்லாம் வீட்டோட சேர்ந்தது. அதுல கை வெச்சீங்க, கோர்ட்டு கேசுன்னு போயிடும்."

மூன்று பேரும் தலையாட்டினார்கள். இத்தனை அழகாகப் புரிந்துகொண்டு தலையாட்டுகிறவர்களைத் தரகர் தன் தொழிலில் பார்த்ததே இல்லை. அங்கேயே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மறுநாள் வேலை ஆரம்பித்தது. அண்டா குண்டான், பாய், பெஞ்சு எல்லாம் மாட்டுக் கொட்டகைக்குப் போயின. மாடு தெருவுக்குப் போனது. கதவு திறக்கும்போதெல்லாம் இடத்தை அடைக்கிறது என்று பாவாடை கண்டுபிடித்ததால் கதவுகளும் போயின.

"ஏகாம்பரம், மச்சுல அம்மாவோட பெட்டி இருக்கு. எடுத்துட்டு வா. பத்திரம், என் பொண்டாட்டிக்குன்னு அம்மா செஞ்சு வெச்ச தாலி அதுக்குள்ளதான் இருக்கு" என்றான் கோதண்டம். ஏகாம்பரம் மரப்படியில் ஏறி மேலே போனான்.

கோதண்டம் கூடத்தின் நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்து ஒரு சுற்றுச் சுற்றினான். முழங்கை எதிலோ ணங்கென்று இடித்தது.

"விசாலம் பத்தலைடா பாவாடை."

"எது இடிக்குதுண்ணே?"

"மச்சுப்படி."

பாவாடை படியைச் சுற்றி வந்து பார்த்தான். "கழட்ட முடிஞ்சா நம்மது, இல்லேன்னா வீட்டுது. இழுத்துப் பார்த்துடுவோமா?"

இழுத்தார்கள். ஆப்பு தெறித்து, படி கையோடு வந்துவிட்டது. சட்டப்படி அது தங்களுடையது என்று ஆனதில் இருவருக்கும் பரம சந்தோஷம். கொட்டகையிலும் இடமில்லாததால் அங்கேயே கோடாலி போட்டு விறகாக்கிக் கொல்லையில் அடுக்கினார்கள்.

பெட்டியும் கையுமாக ஏகாம்பரம் மச்சு வாயிலுக்கு வந்தான். காலைக் கீழே வைத்தான். காற்றில் துழாவிவிட்டு எடுத்துக்கொண்டான்.

"படி எங்கேடா?"

"கழட்டியாச்சு."

ஏகாம்பரம் எட்டிப் பார்த்தான். "அட! இங்கேருந்து பார்த்தா கூடம் எவ்வளவு பெருசாத் தெரியுது! நல்ல வேலை பண்ணினீங்க."

"அதெல்லாம் சரி, நீ எப்படி இறங்குவே?" என்று கேட்டான் பாவாடை.

மூன்று பேரும் ரொம்ப நேரம் யோசித்தார்கள். கடைசியில் ஏகாம்பரமே பேசினான்.

"என்னை இங்கேருந்து கழட்ட முடியுமா?"

"முடியாது போலத்தான் இருக்கு."

"அப்போ தரகர் சொன்னபடி நான் வீட்டோட சேர்ந்தவன்."

கோதண்டத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னோட பிறந்தவன்டா நீ! உன்னை விட்டுட்டு எப்படிடா போவேன்?"

"அழாதேண்ணே. கோர்ட்டு கேசுன்னு போனா உன் கல்யாணம் நின்னுடும். எனக்கு வேளாவேளைக்குச் சோறு மட்டும் வாளியில அனுப்பு. கயிறு என்கிட்ட இருக்கு."

தம்பி தனக்காகச் செய்த தியாகத்தை நினைத்துக் கோதண்டம் அன்று முழுக்க மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான். பெட்டியைப் பற்றி ஒருத்தனுக்கும் நினைவில்லை.

இனி அடுத்த யோசனை. புளி வியாபாரி தில்லைநாயகம் என்பவர் வெள்ளிக்கிழமை வீடு பார்க்க வருகிறார், மேலக்கொத்தூர்க்காரர் என்று தரகர் சொல்லியனுப்பியிருந்தார்.

"அவருக்குச் சொந்த வீடு மாதிரி இருக்கணுமாமே. அது எப்படிடா?" என்றான் கோதண்டம்.

"நம்ம வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் இது நம்ம வீடுதான்னு எனக்கு எப்படித் தெரியுது? செவுத்துல அப்பா படம் தொங்கும். அதை வெச்சுத்தான்" என்றான் பாவாடை.

"அப்போ அப்பா படத்தை மறுபடி மாட்டிடலாம்."

"நம்ம அப்பா அவருக்கு எப்படிண்ணே அப்பா ஆவார்? விவரமாப் பேசு."

மேலேயிருந்து ஏகாம்பரத்தின் குரல் வந்தது. "அவரோட அப்பாவைத்தான் மாட்டணும்."

கீழே இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். உயரத்தில் இருப்பவனுக்குத்தான் எத்தனை தெளிவு!

வெள்ளிக்கிழமை காலையில் தில்லைநாயகம் தரகரோடு வேறு இரண்டு வீடுகளை முதலில் பார்க்கக் கிளம்பிப் போனார். அவர் தலை மறைந்ததும் கோதண்டமும் பாவாடையும் மாட்டு வண்டியோடு அவர் வீட்டு வாசலில் போய் நின்றார்கள்.

அவர் மனைவி மரகதம் வெளியே வந்தாள். "யாருப்பா நீங்க?"

"ஐயா வீடு பார்க்க வர்றாரு இல்லீங்களா, அந்த வீட்டுலேருந்து வர்றோம்மா. உங்க வீட்டுச் சாமானெல்லாம் அங்கே இருக்கணும்னு ஏற்பாடு" என்றான் கோதண்டம். அவன் வாயில் பொய் வராது. அதற்கெல்லாம் கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டும்.

மரகதத்தின் முகம் மலர்ந்தது. அவள் சமையல் செய்யும் இடத்துக்கு நேர் மேலே ஓடு ஒழுகும். மழைக்காலத்தில் ரசம் வைத்தால் தானாகப் பெருகும். வேறு வீடு பாருங்கள் என்று புருஷனிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போனவள்.

"அட, அதுக்குள்ள முடிச்சுட்டாரா! ஒரு வார்த்தை சொல்லலை பாரேன் அந்த மனுஷன். இருங்கப்பா, சாமி விளக்கை எடுத்துக்கிறேன்."

மாமனார் படம், சாய்வு நாற்காலி, அடுக்குப் பானைகள் எல்லாம் ஏறின. கடைசியில் விளக்கோடு மரகதமும் ஏறினாள். சிப்பாய் என்கிற அவர்கள் வீட்டு நாய் வண்டிக்குப் பின்னால் ஓடி வந்தது.

பாவாடை திரும்பிப் பார்த்தான். "அண்ணே, இவங்க வீடு இப்போ எவ்வளவு விசாலமா இருக்கு பாரு! இவங்களும் விக்கப்போறாங்களோ?"

உச்சிவேளையில் தில்லைநாயகம் வந்தார். இரண்டு வீடும் பிடிக்கவில்லை, பசி வேறு. முகம் கடுகடுவென்று இருந்தது. கதவில்லாத வாசலைப் பார்த்து, "இது வீடா சத்திரமா?" என்று தரகர் மேல் பாய்ந்தார். அப்போது சிப்பாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்து காலை நக்கியது. நிமிர்ந்து பார்த்தார். சுவரில் மாலையோடு அவருடைய அப்பா முறைத்துக்கொண்டிருந்தார். தன்னை அறியாமல் செருப்பைக் கழற்றிவிட்டார்.

உள்ளேயிருந்து மரகதம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "இவ்வளவு நேரமா வர்றதுக்கு? போய்க் கை கால் கழுவிட்டு வாங்க. பால் காய்ச்சியாச்சு. கிழக்கே பார்த்து என்னமாப் பொங்கிச்சு தெரியுமா! விறகு நல்ல காய்ஞ்ச விறகு."

அவள் எரித்தது மச்சுப்படியை என்பது அவளுக்குத் தெரியாது.

"ஏய், நான் இன்னும் வீட்டையே பார்க்கலைடி!"

"அதான் பால் பொங்கிடுச்சே, இனிமே என்ன பார்க்கிறது? பால் காய்ச்சின வீட்டை விட்டுட்டு அந்த ஒழுகல் வீட்டுக்கு நான் வர மாட்டேன். நீங்க வேணா போங்க."

தில்லைநாயகம் ஊரெல்லாம் பேரம் பேசி ஜெயித்தவர். வீட்டுக்குள் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. தொப்பென்று தன் நாற்காலியில் உட்கார்ந்தார். சொந்த வீடு மாதிரியேதான் இருந்தது.

மேலே ஒரு தும்மல் சத்தம் கேட்டது. "யாருய்யா அது?"

"அது வீட்டோட சேர்ந்ததுங்க" என்றான் கோதண்டம் பணிவாக.

தரகர் தலையைச் சொறிந்தார். பிறகு, தில்லைநாயகத்தின் மேலக்கொத்தூர் வீட்டுக்கு இந்த வீட்டைச் சரிக்குச் சரி மாற்றிக்கொள்வது என்று முடித்து, இரண்டு பக்கமும் தரகு வாங்கிக்கொண்டு எழுந்தார். அண்ணன் தம்பிகளுக்கு மேலக்கொத்தூரில் வீடு கிடைத்துவிட்டது. ஆனியின் கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம் என்று வடிவின் அப்பா தேதி வைத்தார்.

முகூர்த்த நாளும் வந்தது. உரக்கடைக்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று பட்டு வேட்டி கட்டி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மேளக்காரர் கையை ஓங்கினார். ஐயர், "தாலியை எடுங்கோ" என்றார்.

கோதண்டம் இடுப்பைத் தடவினான். பாவாடை அண்ணன் இடுப்பைத் தடவினான். பிறகுதான் இருவருக்கும் பெட்டி ஞாபகம் வந்தது.  இத்தனை பாடுபட்டது இதற்குத்தானா என்று கோதண்டத்துக்கு அழுகையே வந்துவிட்டது. உரக்கடைக்காரர் மெதுவாக எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"தாலி எங்கே மாப்பிள்ளை?" என்று வடிவின் அப்பா பல்லைக் கடித்தார்.

"வித்த வீட்டு மச்சுல இருக்கு மாமா. தம்பிகிட்ட."

"முகூர்த்தம் முடியப்போறதே!" என்று ஐயர் பதறினார்.

வடிவு மணையிலிருந்து எழுந்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "எந்திரிங்க, அங்கேயே போய்க் கட்டிக்கலாம்" என்று கோதண்டத்தின் கையைப் பிடித்தாள். மேளத்தோடு கல்யாணமே வாய்க்காலைத் தாண்டி ஓடியது. வாசலில் கதவு இல்லாததால் தட்டுகிற நேரம் மிச்சம்.

"ஏகாம்பரம்! தாலியைக் குடுடா!"

"எப்படிண்ணே குடுக்க முடியும்? என்னோட சேர்த்து அதுவும் வீட்டோடதாச்சே. சொந்தக்காரர் சொல்லணும்."

சாய்வு நாற்காலியில் படுத்திருந்த தில்லைநாயகம் அலறினார். "குடுத்துத் தொலைடா! கூடவே நீயும் போய்த் தொலை!"

வாளி இறங்கியது. தாலி வந்தது. உரக்கடைக்காரர் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே கோதண்டம் முடிச்சுப் போட்டான். வாளியில் வாங்கிக்கொண்டு மேலேயிருந்து ஏகாம்பரம் போட்ட அட்சதைதான் நேராகத் தலையில் விழுந்தது. அவன் பஜ்ஜியைக் காபியில் தோய்த்த அன்று சிரித்த மாதிரியே வடிவு சிரித்தாள்.

பக்கத்து வீட்டு ஏணியைக் கொண்டுவரச் சொல்லி அவளே மச்சுக்குச் சார்த்தினாள். "இறங்கி வாங்க தம்பி, சாப்பிடலாம்."

ஏகாம்பரம் ஏணியைப் பார்த்தான், தலையை ஆட்டினான். "வேண்டாம் அண்ணி. வித்த பொருளைத் திரும்ப எடுத்தா நம்ம குடும்பத்துக்குக் கெட்ட பேரு. இலையை வாளியில வெச்சு அனுப்புங்க. பாயசம் ரெண்டு தரம்."

தில்லைநாயகம் கும்பலில் தரகரைக் கண்டுபிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். "ஓய், இந்த வீட்டை உடனே விக்கணும். என்ன செய்யணுமோ சொல்லும்."

"முதல்ல தட்டுமுட்டுச் சாமானை எல்லாம்..." என்று ஆரம்பித்த தரகர், மாலையும் கழுத்துமாகக் கோதண்டமும் பக்கத்தில் பாவாடையும் நின்று அழகாகத் தலையாட்டுவதைப் பார்த்துச் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

மச்சு வாயிலில் ஏகாம்பரத்தின் தலை மட்டும் எட்டிப் பார்த்தது.

"தரகரே, இந்தத் தடவை எனக்கும் சேர்த்து விலை சொல்லுங்க. போன தடவை நான் சும்மாவே போயிட்டேன்."