நண்டுக் கேமரா

“இந்த மூணுல எதை எடுத்துக்கிட்டு இறங்கலாம் டீச்சர்?”

கேட்டவர் தில்லைநாயகம். ஐம்பத்திரண்டு வயது. நெய்வேலியிலிருந்து வந்திருந்தார்.

டீச்சர் என்று அவர் கூப்பிட்டது ஜெபமேரியை. அவளுக்கு முப்பத்தொன்று. கடலில் முங்கிப் பாசி அள்ளுகிறவள். பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. தண்ணீருக்குள் தலையை வைத்துப் பதறாமல் கிடப்பது எப்படி என்று இரண்டு வருஷம் முன்னால் அவருக்குச் சொல்லிக் கொடுத்தாள். விளையாட்டாகக் கூப்பிட ஆரம்பித்த பேர், அப்படியே நின்றுவிட்டது.

மணலில் துண்டு விரித்து மூன்று கேமராக்களையும் வைத்தார்.

ஒன்று மணிக்கட்டில் மாட்டுகிற சின்னது. ஒன்று பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருப்பது. மூன்றாவது புதிது, இரண்டு பக்கமும் கை நீட்டி, கை நுனியில் விளக்கு.

“இது என்னண்ணே, நண்டாட்டம்?”

“வெளிச்சத்துக்கு. போன தடவை படம் எல்லாம் மங்கல்.”

“அதுக்கு முந்தின தடவை?”

“புல்லுதான் விழுந்துச்சு. குதிரை விழலை.”

கடல் குதிரை. விரல் நீளம்தான் இருக்கும். கழுத்தளவு ஆழத்தில், கடற்புல்லில் வாலைச் சுற்றிக்கொண்டு நிற்கும். ஜெபமேரி ஒவ்வொரு முறையும் அதன் பக்கத்தில் விரலை வைத்துக் காட்டியிருக்கிறாள். அவரும் ஒவ்வொரு முறையும் பொத்தானை அமுக்கியிருக்கிறார்.

“எதுக்கு இவ்வளவு அவசரம்? அடுத்த வருஷம் வாங்களேன்.”

“இடது கண்ணு போயிருச்சு டீச்சர். வலதும் பொங்கல் வரைக்கும்தான்னு டாக்டர் சொல்லிட்டார். அதுக்குள்ள ஒரு படம் எடுத்து வச்சுக்கணும்.”

“சரி. பொங்கலுக்கு அப்புறம் அதை யாரு பாப்பா?”

தில்லைநாயகம் கேமராவின் மூடியைத் திறந்தார். மூடினார்.

தண்ணீரில் நின்ற பாசிக்காரிகளில் ஒருத்தி கத்தினாள். “ஏ மேரி, தண்ணி ஏறுது. பாடம் முடிஞ்சுதா இல்லையா?”

“வாரேன்டி.”

ஜெபமேரி கேமராக்களை விட்டுவிட்டு அவருடைய பையைக் கவிழ்த்தாள். மூச்சுக்குழாய் விழுந்தது. முகத்தில் மாட்டுகிற கண்ணாடி விழுந்தது. அதை எடுத்து ஓரத்து ரப்பரை அமுக்கிப் பார்த்தாள். அமுக்கிய இடம் அமுங்கியே கிடந்தது.

“இது எப்ப வாங்கினது?”

“வாங்கலை. முதல் கேமராவோட சும்மா குடுத்தாங்க.”

“உள்ள தண்ணி வருமே?”

“வரும். கண்ணை இடுக்கிக்குவேன்.”

“அப்ப குதிரையை நீங்க பாத்ததே இல்லையா?”

“ஒரு நிழல் மாதிரி தெரியும். படத்துல பெருசாக்கிப் பாத்துக்கலாம்னு…”

அவள் சிரிக்கவில்லை.

தன் நெற்றியில் இருந்த கண்ணாடியைக் கழற்றினாள். கறுப்பு ரப்பர். பட்டை அறுந்த இடத்தில் சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டியிருந்தாள். ஆவி படியாமலிருக்க உள்பக்கம் எச்சில் தடவி, கடல் தண்ணீரில் அலசி, அவர் முகத்தில் வைத்துப் பின்னால் இறுக்கினாள்.

“வலிக்குது.”

“வலிக்கட்டும்.”

நண்டுக் கேமராவைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

“டீச்சர், அது…”

“எங்கிட்ட இருக்கட்டும். நடங்க.”

நடந்தார்கள். தண்ணீர் கழுத்துக்கு வந்ததும் அவள் காலாலேயே புல்லைத் தடவி இடம் பார்த்தாள். அவர் தலையை அமுக்கினாள்.

தில்லைநாயகம் குழாயைக் கடித்தபடி கவிழ்ந்து மிதந்தார்.

கண்ணாடிக்குள் ஒரு சொட்டு வரவில்லை.

முதலில் புல். ஒவ்வொரு இலையாகப் புல். இலை ஓரத்தில் மணல் பொடி. பிறகு ஒரு இலைக்கு வால் இருந்தது. மேலே கழுத்து, சின்ன மூக்கு. ஒரு கண் அவரைப் பார்த்தது. மறு கண் தன் பாட்டுக்கு வேறு பக்கம் திரும்பியது.

நெடுநேரம் அவர் முதுகு மட்டும் மேலே தெரிந்தது.

பாசி அள்ளுகிறவர்கள் அடுத்த பாறைக்குப் போய்விட்டார்கள். கண்ணாடி இல்லாமல் அவளால் போக முடியாது. நின்றாள்.

அவர் எழுந்தார். குழாயைத் துப்பினார்.

ஜெபமேரி கேமராவைக் கழற்றி நீட்டினாள்.

“இந்தாங்கண்ணே. அது அங்கேயேதான் நிக்கும். போய்ப் படம் புடிங்க.”

தில்லைநாயகம் நீட்டிய கையைப் பார்த்தார். பின்மண்டையில் சைக்கிள் டியூப் இறுக்கமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“டீச்சர், கண்ணாடியை இன்னும் கொஞ்ச நேரம் வச்சுக்கட்டுமா?”