நாற்பத்திரண்டாவது காட்டுப் பூவரசு

ராஜாக்கள் தங்கள் தோட்டத்தைத் தாங்களே பார்த்துக்கொண்ட அந்தப் பழைய காலத்தில், ஓர் ஆடி மாதத்துக் காலையில், பனிக்கோட்டை அரண்மனைச் சோலையில் நாற்பத்தோரு காட்டுப் பூவரசு மரங்கள் நின்றன. மறுநாள் காலையில் நாற்பத்திரண்டு நின்றன. கூடுதலாக நின்ற மரத்தின் பெயர் மாரப்பன்.

மாரப்பன் உப்பு வியாபாரி. அடிவாரத்திலிருந்து மாடுகளின் முதுகில் உப்புப் பொதி ஏற்றி மலைக்குக் கொண்டுவருபவன். நல்லவன். எவ்வளவு நல்லவன் என்றால், யார் எதைக் கேட்டாலும் "சரிங்க" என்பான். உன் மாட்டை ஒரு நாள் கொடு என்றால், சரிங்க. என் மூட்டையையும் சேர்த்து ஏற்று என்றால், சரிங்க. கல்யாணப் பந்தியில் வயிறு முட்டிய பிறகு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினாலும், சரிங்க. அவன் மனைவி பாவாயிக்கு அந்த ஒரு சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

அன்றைக்கு அவன் சோலை ஓரமாக வந்தபோது எதிரே ஒரு மந்திரவாதி வந்தார்.

"தம்பி, இந்த மூட்டையைப் பிடிச்சுக்கிட்டுக் கொஞ்சம் நில்லு. ஓடையில முகம் கழுவிட்டு வந்துடறேன்."

"சரிங்க சாமி. எவ்வளவு நேரமானாலும் நிக்கறேனுங்க."

அவ்வளவுதான். கால் மண்ணில் இறங்கியது. தோல் வெடித்துப் பட்டையானது. மூட்டையைப் பிடித்த கை கிளையானது.

மாடுகள் மட்டும் தனியாக வீடு திரும்பின. பாவாயி மலையேறி வந்து பார்த்தாள். உயரமான ஒரு கிளையில் தொங்கிய மூட்டையை மந்திரவாதி குச்சியால் தட்டிக்கொண்டிருந்தார். கிளையின் கணுவில் மாரப்பனின் வெள்ளிக் காப்பு மாட்டியிருந்தது.

"என்னய்யா பண்ணுனீங்க என் புருசனை?"

"நான் ஒண்ணும் பண்ணலம்மா. நிக்கறேன்னு அவன்தான் சொன்னான். என் முன்னால ஒருத்தர் வாக்குக் கொடுத்தா அது ஒட்டிக்கும். அதுதான் என் வித்தை."

"ஒட்டுனதைப் பிரிச்சு விடுங்க."

"ஒட்டத்தான் தெரியும். பிரிக்கிறது அடுத்த பாடம். அதுக்குள்ள குருநாதர் போய்ச் சேர்ந்துட்டாரு."

பாவாயி அந்தக் குச்சியைப் பிடுங்கினாள். மந்திரவாதி இரண்டடி பின்னால் நகர்ந்து, அவசர அவசரமாகச் சொன்னார்: "கேளும்மா! இந்த மரம் தையில பூக்கும். பூ வந்தா அதுக்கு வாய் வந்த மாதிரி. நிக்க ஒத்துக்கிட்டவன் அவன். அவனே வாயைத் திறந்து இந்த மண்ணுகிட்ட விடை வாங்கட்டும், வந்துடுவான். ஆனா மூணாவது தை தாண்டிச்சுன்னா மரம் மரம்தான்."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவேதான்."

பாவாயி குச்சியால் ஒரு தட்டுத் தட்ட, மூட்டை விழுந்தது. மந்திரவாதி அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மூன்று தை, ஒரு பூ, ஒரு வார்த்தை. கேட்க எளிதாகத்தான் இருந்தது. அரண்மனை என்று ஒன்று பக்கத்தில் இருப்பதை இருவருமே யோசிக்கவில்லை.

ராஜா திம்மராயர் விஷயத்தைக் கேட்டுக் கண்கலங்கினார். "கவலைப்படாதே அம்மா. இனிமே உன் புருசன் என் பிள்ளை மாதிரி. நானே பார்த்துக்கறேன்." பாவாயிக்குச் சோலை ஓரமாகத் தங்க ஒரு குடிசையும் கொடுத்தார். அன்றைக்கு அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது.

காட்டுப் பூவரசை ஒருவரும் வளர்க்க வேண்டியதில்லை. சமவெளியில் மஞ்சளாகப் பூக்கும் பூவரசுக்கும் இதற்கும் பெயரைத் தவிர ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இது பனியில் நிற்கும் மரம். முறுக்கிக்கொண்ட உடம்பு, வெடித்த பட்டை, அதில் தாடி மாதிரிப் பாசி. இலை தோல் போலத் தடிப்பாக இருக்கும். திருப்பினால் அடியில் துரு நிறத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும். தன் இலையைத் தானே உதிர்த்து, அதையே மெத்தையாகப் போட்டு, அந்த மெத்தைக்குள்ளேயே வேரைப் பரப்பிக்கொள்ளும். மழை முடிவதற்குள் கிளை நுனியில் மொட்டு வைத்துத் தைக்காகக் காத்திருக்கும். அதைச் சும்மா விட்டால் போதும். அரண்மனையில் யாருக்கும் வராத வேலை அது ஒன்றுதான்.

முதல் வருஷம், ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில், ராஜாவே கத்தரியோடு வந்தார். பாவாயி ஓடைக்குப் போயிருந்தாள். திரும்பி வந்து பார்த்தால் மாரப்பன் உருண்டையாக நிற்கிறான். கிளை நுனிகள் எல்லாம் தரையில் கிடக்கின்றன, மொட்டோடு.

"மகாராஜா! என்ன பண்ணிட்டீங்க?"

"முடி வெட்டிவிட்டேன் அம்மா. பரட்டைத் தலையா நின்னான், பார்க்கவே சகிக்கல. நல்லதுக்குத்தானே?"

அந்தத் தையில் மாரப்பன் பூக்கவில்லை. உருண்டையாக மட்டும் இருந்தான்.

இரண்டாம் வருஷம் பாவாயி ஐப்பசி முழுக்க மரத்தடியை விட்டு நகரவில்லை. கத்தரியோடு வந்த ராஜாவைக் கையெடுத்துக் கும்பிட்டு மூன்று தடவை திருப்பி அனுப்பினாள். மொட்டுகள் பருத்தன. போகியன்று காலை, மாடுகளுக்குக் கழுநீர் வைத்துவிட்டு வரலாம் என்று அரை நாழிகை நகர்ந்தாள். அதற்குள் ராணி அலர்மேல்தேவி பத்துப் பணிப்பெண்களோடு வந்து, மரத்தடியிலிருந்த இலைக் குப்பையை ஒன்று விடாமல் கூட்டி, போகி நெருப்பில் போட்டு, அடி மண்ணை மண்வெட்டியால் கொத்தி, வட்டமாகப் பாத்தியும் கட்டிவிட்டார்.

பாவாயி பாத்தியைப் பார்த்தாள். அறுபட்ட வேர்கள் நூல்நூலாகத் துருத்திக்கொண்டிருந்தன.

"அம்மா, தாயே, நீங்க கூட்டுனது குப்பை இல்லைங்க. அது அவரோட போர்வை!"

"அடிப் பைத்தியமே, தை பிறக்கறப்போ உன் வீட்டுக்காரன் குப்பையிலயா நிக்கறது? ஊர் என்னைத்தானே பேசும். நல்லதுக்குத்தான்டி செஞ்சேன்."

அந்தத் தையில் மொட்டுகள் பழுப்பாகி, ஒவ்வொன்றாகக் கொட்டின. பாவாயி அழவில்லை. அழுதால் ராணி வந்து இன்னும் ஏதாவது நல்லது செய்துவிடுவாரோ என்று பயந்தாள்.

மூன்றாம் வருஷம் அவள் மாடுகளைத் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். காட்டிலிருந்து மக்கிய இலையைக் கூடை கூடையாகச் சுமந்துவந்து வேருக்குப் போர்த்தினாள். கத்தரிக்கும் காவல், துடைப்பத்துக்கும் காவல். மொட்டுகள் வந்தன. மார்கழியில் அவளுக்குக் காய்ச்சலும் வந்தது. இரண்டு நாள் குடிசையில் படுத்துவிட்டு மூன்றாம் நாள் எழுந்து வந்தாள்.

தையில் இளவரசன் விக்கிரமனுக்குக் கல்யாணம். ஆகவே அரண்மனைக்கு வெள்ளையடித்தார்கள். மதிலுக்கு அடித்தார்கள். மிச்சம் இருந்த சுண்ணாம்பைச் சோலை மரங்களுக்கு அடித்தார்கள். மாரப்பன் இடுப்புவரை வெள்ளையும், குறுக்கே காவிப் பட்டையுமாக நின்றான். பக்கத்தில் வாளியோடு நின்றது மாப்பிள்ளை விக்கிரமனேதான்.

"அக்கா, எப்படி? நம்ம மாமாவுக்கு மட்டும் நானே அடிச்சேன். ரெண்டு பூச்சு! மீதியை வேருக்கும் ஊத்தியிருக்கேன்."

"சுண்ணாம்பையா?"

"நல்லதுக்குத்தானே அக்கா, பூச்சி வராது."

வைவதற்குப் பாவாயி இத்தனை நாள் சேர்த்து வைத்த வார்த்தைகளில் ஒன்றும் போதுமானதாக இல்லை. தேங்காய் நார் எடுத்து, கை தோல் உரிய உரியத் தேய்த்தாள். சுண்ணாம்பு இறங்கிய மண்ணை விரலால் வழித்து எடுத்தாள். புது இலைமண் போட்டாள். ஓடைத் தண்ணீர் சுமந்து ஊற்றினாள். அதற்குள் இலைகள் மஞ்சளாகிவிட்டன. மொட்டுகள் உதிர்ந்தன. ஒரே ஒரு கிளையில், ஒரே ஒரு மொட்டு மட்டும் பிடிவாதமாக நின்றது.

அந்த மொட்டு தை மாதம் கடைசி நாள் மதியம் வெடித்தது.

ஒரு மொட்டுக்குள் ஒரு கொத்து. கொத்தில் ஏழெட்டுப் பூ, ஒவ்வொன்றும் சின்ன மணி அளவு, பழுத்த மிளகாய்ச் சிவப்பு. பூ திறந்ததும் மாரப்பனின் குரல் வந்தது.

"பாவாயி... சாப்பிட்டியா?"

பாவாயி மரத்தைக் கட்டிக்கொண்டாள். உடனே கையை எடுத்தாள். "ரெண்டரை வருசம் கழிச்சு வாயைத் திறந்தா கேக்குற கேள்வியைப் பாரு! சோறு கிடக்கட்டும் மாமா. பொழுது சாயறதுக்குள்ள மண்ணுகிட்ட விடை வாங்குங்க."

"சரி பாவாயி."

ஆனால் மரம் பேசுகிறது என்ற செய்தி அதற்குள் அரண்மனைக்குப் போய்விட்டது. குடும்பத்தோடு வந்துவிட்டார்கள்.

"மாரப்பா, புதுப் பெண்ணு மாப்பிள்ளைக்கு ஒரு வாழ்த்துச் சொல்லேன்" என்றார் ராணி.

"சரிங்க." வாழ்த்தினான். கொத்திலிருந்து ஒரு பூ உதிர்ந்தது.

"மாமா, நான் அடிச்ச சுண்ணாம்பு எப்படின்னு சொல்லுங்க" என்றான் விக்கிரமன்.

"ரொம்ப நல்லா இருந்துச்சுங்க." இன்னொரு பூ உதிர்ந்தது.

"போன வருஷம் உனக்கு முடி வெட்டினேனே..." என்று ராஜா ஆரம்பித்தார்.

"முந்தின வருசம்!" என்று பாவாயி கத்தினாள். "எல்லாரும் கொஞ்சம் சும்மா இருக்கீங்களா? மாமா, விடை வாங்குங்க. இப்பவே!"

மாரப்பன் தொண்டையைச் செருமினான். "பூமாதேவி அம்மா, இத்தனை நாள் எடம் கொடுத்தீங்க. ரொம்ப நன்றிங்க. போயிட்டு..."

மண் அதிர்ந்தது. வேர்கள் மேலே எழுந்தன. பட்டை விரிந்து முழங்கால் தெரிந்தது.

"...வர்றேனுங்க."

எழுந்த வேர்கள் நின்றன. பிறகு மெல்லக் கீழே இறங்கின. முன்பு இருந்ததைவிட ஒரு சாண் ஆழமாக இறங்கின. இரண்டு பூ உதிர்ந்தது.

"என்ன ஆச்சு? மறுபடி சொல்லுங்க!"

"கிளம்பறேனுங்க அம்மா. அப்புறமா வந்து பாக்கறேனுங்க."

அதே மாதிரி வேர்கள் எழுந்தன. அதே மாதிரி இறங்கின. இப்போது கொத்தில் மூன்று பூதான் மிச்சம்.

பாவாயிக்குச் சட்டென்று புரிந்தது. இந்த மண் வாக்கைப் பிடித்துக்கொள்ளும் மண். வர்றேன் என்றால், சரி வா என்று வைத்துக்கொள்கிறது.

"மாமா, வர்றேன்னு சொல்லாதீங்க. 'போறேன்'னு சொல்லுங்க."

சுற்றி நின்றவர்கள் மூச்சை இழுத்தார்கள். அந்த நாட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. பக்கத்து வீட்டுக்குப் போவதானாலும் 'போயிட்டு வர்றேன்'தான். சாவு வீட்டில் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போவார்களே தவிர, அங்கேகூடப் 'போறேன்' என்ற சொல் வராது.

"சேச்சே, என்ன பாவாயி! நின்ன எடத்துல, அதுவும் பெத்த தாய் மாதிரி மண்ணுகிட்ட, அந்த வார்த்தையை எப்படிச் சொல்றது? மரியாதையா இருக்குமா?"

"மரியாதையாம்! சொல்லித் தொலைங்களேன்!"

"அபசகுனமாப் பேசாதே அம்மா" என்றார் ராஜா. அவருக்கு உண்மையிலேயே மனம் இளகியிருந்தது. "எதுக்கு இவ்வளவு கஷ்டம்? மாரப்பா, இங்கேயே இருந்துடேன். உனக்கு நான் என்ன குறை வச்சேன்? எல்லாருக்கும் உன்னைப் பிடிச்சிருக்கு. இரேன்."

ஒரு பூ உதிர்ந்தது. மரத்துக்குள்ளிருந்து குரல் தயங்கித் தயங்கி வந்தது. "அதுக்கில்லைங்க மகாராஜா... நீங்க இவ்வளவு ஆசையாக் கேக்கறப்ப..."

அடுத்த வார்த்தை என்ன என்று பாவாயிக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிற வார்த்தை. அவள் கையிலிருந்த தேங்காய் நாரைக் கீழே போட்டாள். முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள்.

"நீங்க இருங்க மாமா. நான் போறேன்."

"பாவாயி! வர்றேன்னு சொல்லு!"

"சொல்ல மாட்டேன். போறேன்."

திரும்பி நடந்தாள். சோலைப் பாதையில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் முதுகு மங்கலாகியது. இன்னொரு பூ விழுந்தது. கொத்தில் ஒற்றைப் பூ.

"பாவாயி, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ!"

அவள் திரும்பவில்லை. கண்ணைத் துடைத்தால் பின்னால் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று துடைக்கவும் இல்லை.

"ஏய், நில்லு!" என்று மரம் அலறியது. சோலையே அதிர்ந்தது. "நில்லுடி! நானும் போறேன்! போறேன்! போறேன்!"

மூன்று தடவை. மண் மூன்று தடவையும் கேட்டது. வேர்கள் சுருண்டு கால்விரல்களாயின. பட்டை மட்டை மட்டையாகக் கழன்று விழுந்தது. இலைமெத்தையின் மேல் மாரப்பன் குப்புற விழுந்து, எழுந்து, பனிக்குள் ஓடினான். இடுப்பில் காவிப் பட்டை அப்படியே இருந்தது.

"மாரப்பா!" என்று ராஜா பின்னாலிருந்து கூப்பிட்டார். "கல்யாண விருந்து இருக்கு. கொஞ்சம் இருந்து சாப்பிட்டுட்டுப் போப்பா!"

மாரப்பன் பாவாயியின் கையைப் பிடித்திருந்தான். திரும்பிப் பார்த்தான். வாய் 'ச' என்று திறந்தது. பாவாயி அவனைப் பார்க்காமல் பாதையைப் பார்த்தாள்.

"இல்லைங்க மகாராஜா" என்றான் மாரப்பன். "வேண்டாங்க."

ராஜாவுக்கு வருத்தம்தான். ஆனால் திட்டுத் திட்டாகச் சுண்ணாம்பு அப்பிய பட்டையையும், பாவாயி விட்டுப் போன தேங்காய் நாரையும் அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அதன் பிறகு சோலைப் பக்கம் கத்தரியும் போகவில்லை, துடைப்பமும் போகவில்லை, வாளியும் போகவில்லை. அடுத்த தையில் காட்டுப் பூவரசுகள் எல்லாம் ஒன்றாகப் பூத்தன. மலைச் சரிவின் சிவப்பு அடிவாரம் வரை தெரிந்தது.

அந்தத் தைக்குப் பிறகு வந்த பங்குனி பதினேழாம் தேதி, வியாழக்கிழமை காலை, பாவாயிக்கும் மாரப்பனுக்கும் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம்.