தீராத சிலிண்டர்

தீர்ப்புச் சொல்லப் பிடிக்காதவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். இந்தக் கதை முடிகிறபோது உங்களிடம் ஒரு பதில் கேட்கும்.

கோவில்பட்டி செண்பகவல்லி கொடைக்கானலுக்குப் போக ஆசைப்பட்டது ஏரிக்காகவும் இல்லை, தூண்பாறைக்காகவும் இல்லை. மூன்று நாள் அடுப்புப் பற்றவைக்காமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான். கல்யாணமான நாள்முதல் அப்படி ஒரு நாள் வாய்த்ததில்லை, அலுத்துப்போயிருந்தாள். அவள் கணவன் பூவலிங்கமோ செல்போனில் வந்த லாட்ஜுகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு, ரெஜினா என்பவர் வாடகைக்கு விடும் வீட்டைப் பிடித்தான். ஜன்னலில் மலை தெரியவேண்டுமா என்று பிள்ளைகளைக் கேட்டான். தன் அப்பாவுக்குக் கடைச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று அவரைக் கேட்காமலே முடிவுசெய்தான்.

“லாட்ஜுன்னா அடைச்சுப் போட்ட மாதிரி இருக்கும். இங்க அடுப்படியே இருக்கு பாரு, சொந்த வீடு மாதிரி,” என்றான்.

சொந்த வீடுதான் அவளுக்கு ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே! ராமேஸ்வரம் போயும் சனீஸ்வரன் விடவில்லை என்பார்கள். இவளுடைய சனி, தோசைமாவாகத் தூக்குவாளியில் ஏறி, அவள் மடியிலேயே உட்கார்ந்து மலைக்கு வந்தது.

முதல் நாள் மற்றவர்கள் ஏரியைச் சுற்றிவந்தார்கள். அவள் ஐஸாகக் குளிர்ந்த தண்ணீரில் பாத்திரம் தேய்த்தாள். கூடுதல் கம்பளி கொடுக்க வந்த ரெஜினா, அவள் கண்கலங்கி நிற்பதைப் பார்த்து என்னவென்று கேட்டார்.

“அக்கா, சிலிண்டர் தீந்துபோச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“தங்கிட்டுப் போறவங்க செல்போன்ல போடுற மார்க்குல, நாலு ஸ்டார்ல நிக்குதும்மா என் வீடு. இன்னும் இறங்குச்சுன்னா சீசன்ல ஒருத்தரும் வரமாட்டாங்க,” என்றார் ரெஜினா. கணவரை இழந்தவர், அந்த வாடகைதான் அவர் பிழைப்பு.

ஆனாலும் மறுநாள் காலையில் வந்து சிலிண்டரைக் கழற்றிக்கொண்டு போனார். “காலியாயிருச்சு சார். அடுத்தது வர ரெண்டு நாளாகும்.” பூவலிங்கம் முணுமுணுத்தான். எல்லாரும் கடையில் சாப்பிட்டார்கள். மாமனார் பூரியை மறுபடியும் கேட்டு வாங்கினார். வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. செண்பகவல்லி மத்தியானம் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினாள். விழித்தபோது எந்த ஊரில் இருக்கிறோம் என்றே தெரியவில்லை. அத்தனை சுகமாக இருந்தது.

ஊர் திரும்பும் பஸ்ஸில் பூவலிங்கம் அந்த வீட்டைப் பற்றிக் கருத்து எழுதி, அவளுக்கு வாசித்துக் காட்டினான். “வீடு சுத்தம். முதல் நாளுக்குப் பிறகு அடுப்பு இல்லை. குடும்பத்தோடு போகிறவர்கள் தவிர்க்கவும். ஒரு ஸ்டார். என்ன, அனுப்பிரவா?”

செண்பகவல்லி கணக்குப் போட்டுப் பார்த்தாள். வாயைத் திறந்தால் குட்டு உடையும். இனி எந்த ஊருக்குப் போனாலும் கரண்டி அவள் கையில்தான். மூடிக்கொண்டால் ரெஜினாவின் பிழைப்பில் மண்.

பொய் சொன்னவர் ரெஜினா. சொல்லவைத்தவள் செண்பகவல்லி. கண்டதைக் கண்டபடி எழுதியவன் பூவலிங்கம். ஐயா, அம்மா, சொல்லுங்கள்: இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: ரெஜினா செய்ததுதான். அந்தப் பொய்யின் நஷ்டம் தன் தலையிலேயே விழும் என்று தெரிந்துதான் அவர் சொன்னார். பூவலிங்கம் எழுதியதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை; ஆனால் குடும்பம் என்று அவன் எண்ணியதில் அடுப்படியில் நின்றவள் சேரவில்லை. செண்பகவல்லி செய்தது, வாய்திறக்கும்வரை தவறுதான். பஸ் வத்தலக்குண்டு தாண்டுவதற்குள் அவள் திறந்தாள்: “சிலிண்டர் தீரவே இல்லைங்க, நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். எனக்குத்தான் முடியல. அதையும் சேத்து எழுதுங்க.”